மூன்றாவது பெயர்

தராசு பிடித்தே தலை நரைத்தவன் நான்.

ஏற்காட்டில், சேர்வராயன் மலைச் சரிவிலே உள்ள காப்பித் தோட்டம் ஒன்றில், முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கெழுதிக் காலம் தள்ளினேன். கார்த்திகை பிறக்கும், காப்பிப் பழம் சிவக்கும், மாலை நான்கு மணி அடித்ததும் மூட்டைகள் வரிசை வரிசையாகக் களத்துக்கு வந்து சேரும். சுமந்து வருவோர் பெண்கள். நிறுத்து எழுதுவோன் நான். "முப்பத்தெட்டு!" என்பேன். "நாற்பத்தொன்று!" என்பேன். பக்கத்திலே நிற்கும் மேஸ்திரி மூட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பார் - கல் இருக்கிறதா, பச்சைக்காய் கலந்திருக்கிறதா என்று. மூட்டையை ஆராய்ந்தோம், அதைத் தூக்கி வந்தவளை ஆராய்ந்தோமில்லை. நாற்பது கிலோ சுமையைச் சும்மாட்டின் மீது ஏற்றி, சில்வர் ஓக் மரங்களுக்கிடையே, மழையில் ஊறி வழுக்கும் சரிவில், வெறுங்காலுடன் இறங்கி வருகிறாளே, அவளுடைய கழுத்தும் தோளும் தொடையும் எத்தகைய உரம் பெற்றிருக்க வேண்டும் என்ற எண்ணம் அத்தனை ஆண்டுகளில் ஒரு நாள்கூட எனக்கு எழுந்ததில்லை. பேரேட்டிலே அதற்குக் கட்டம் இல்லை.

பகல் முழுதும் தராசு பிடித்த இதே ஆள், ஞாயிறு மாலைகளில் மேடை ஏறுவதுண்டு, பெண்ணுரிமை பேசுவதுண்டு. 1929-ல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்ததையும், அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்ததையும் எடுத்துக் கூறி, "இந்த அறுபது ஆண்டுகள் தூங்கிக் கிடந்தது யார்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கியவன். தோழர்களே! அந்தக் கைதட்டல் காதிலே ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, வீட்டுக்குள் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். விட்டால், அடுத்த ஞாயிறு மேடையேற எனக்குக் கால் வராது.

என் தங்கைக்கு ஒரே மகள். தகப்பனை இளமையிலேயே இழந்தவள். வணிகவியல் படித்துச் சேலத்திலே ஒரு கடையில் கணக்கு வேலை பார்க்கிறாள். விடுதியில் தங்கி, வாரக் கடைசியில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மலையேறி வீட்டுக்கு வருவாள். ஓயாமல் நாற்காலியில் அமர்ந்து முதுகுவலி வந்தது. மருத்துவர், மாத்திரையைக் குறைத்து உடற்பயிற்சியைக் கூட்டு என்றார். அருகிலிருந்த உடற்பயிற்சிக் கூடத்திற்குப் போகத் தொடங்கினாள். ஜிம் என்கிறார்கள் இப்போது. எங்கள் நாளில் தேகப் பயிற்சிச் சாலை. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும்தான் எங்களுக்குத் தெரியும். அதுவும் ஆண் பிள்ளைகளுக்கு.

வலி ஆறு மாதத்தில் போயிற்று. பயிற்சி போகவில்லை. மூன்று ஆண்டுகள் கழிந்தன. தோள் விரிந்தது, நடை நிமிர்ந்தது, குரலிலே ஒரு தெளிவு வந்தது. சமையலறை எரிவாயு உருளையை ஒரு கையால் தூக்கி வைத்துவிட்டு, ஒன்றும் நடவாதது போல் காப்பி ஆற்றுவாள். தங்கை பெருமூச்செறிவாள்: "இந்தக் கையைப் பார்த்து எவன் அண்ணா பெண் கேட்டு வருவான்?" நான் சிரித்துக்கொள்வேன். சிரிப்பது எளிது, எனக்கு ஒன்றும் செலவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள்:

"மாமா, அடுத்த மாதம் ஒரு போட்டி நடக்கிறது. பெண்கள் பிரிவும் வைக்கிறார்களாம். பெயர் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்."

"என்ன போட்டி கண்ணு?"

"ஆணழகன் போட்டி."

வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சொல்லை எண்ணிப் பாருங்கள். தசையை வளர்த்துச் சமச்சீராக்கி மேடையிலே காட்டும் கலைக்குத் தமிழன் வைத்த பெயர் ஆணழகன் போட்டி! சுவரொட்டியிலே அதுதான், பத்திரிகையிலே அதுதான். பெண் நுழைய வேண்டுமானால் 'ஆணழகன் போட்டி - பெண்கள் பிரிவு' என்ற கதவு வழியாகக் குனிந்து நுழைய வேண்டும். சரி, சொல்லை மாற்றிப் 'பெண்ணழகி' என்போமா? அது வேறு கடை! அங்கே இடையளவும் இமைமயிரும் பார்ப்பார்கள். உடலுரம் என்றால் ஆண். உடலழகு என்றால் பெண். இரண்டையும் ஒருத்தி சேர்த்து வைத்துக்கொண்டால், அவளை அழைக்க நம் வாயில் ஒரு சொல் இல்லை. உடற்கட்டுப் போட்டி என்று சொன்னால் போதும், ஆணும் பெண்ணும் அடங்கிவிடுவர். சொல்கிறோமா?

சிரித்து முடித்தபின் கேட்டேன்: "என்ன உடுத்திக்கொண்டு மேடையேற வேண்டும்?"

சொன்னாள். நீந்துவோர் அணிவது போன்ற, இரண்டு துண்டு உடை. முதுகுத் தசை, வயிற்றுத் தசை, தொடைத் தசை அனைத்தும் நடுவருக்குத் தெரிந்தாக வேண்டும். விளக்கொளியில் தசையின் வரி துலங்க, மேனியெங்கும் கருநிறச் சாயம் வேறு பூசிக்கொள்ள வேண்டும். (தமிழ்ப் பெண்ணைக் கறுப்பாக்கிக் காட்டினால் மதிப்பெண் கூடும் ஒரே மேடை இதுதான் போலும்! வீட்டிலே அதே பெண்ணுக்கு வெளுப்பாக்கும் களிம்பு வாங்கித் தருவார்கள்.)

என் முகம் மாறியது. அதை அவள் கண்டாள்.

"மாமா, ஒன்று கேட்கலாமா?" என்றாள். "நான் வயதுக்கு வந்தபோது வாசலில் பந்தல் போட்டீர்கள். ஊரெல்லாம் அழைத்தீர்கள். சந்தைக்குப் போகிற வழியில் என் படத்தை ஆள் உயரத்துக்கு அச்சடித்து நட்டார்கள். ஒலிபெருக்கி வைத்தார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. என் உடம்பில் என்ன நடந்தது என்பதை மலை முழுக்கச் சொன்னீர்கள். அன்று யாரும் வெட்கப்படவில்லை. அது நான் செய்து நடந்ததல்ல, தானாய் நடந்தது. இந்த உடம்பு தானாய் வந்ததல்ல. நான் மூன்று ஆண்டு பாடுபட்டு வளர்த்தது. இதை நானே போய்க் காட்டினால் வெட்கமா?"

தோழர்களே, அந்த மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் தட்டைத் தலைக்கு மேலே தூக்கி வந்தவன் நான். மூடப்பழக்கம் என்று தங்கையிடம் நான்கு நாள் வாதாடினேன். ஐந்தாம் நாள் சேலம் சென்று பட்டுப்பாவாடை வாங்கி வந்தேன். "விதவைத் தங்கையின் மனம் நோகக் கூடாது" என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். பகுத்தறிவாளனுக்கு விளக்கம் கிடைக்காமற் போவதில்லை!

அவளுக்கு விடை சொல்ல எனக்கு வாயில்லை. ஆகவே மிகவும் நாகரிகமான ஒரு சொல்லைச் சொன்னேன்.

"யோசிக்கலாம்."

மறுப்பு என்றால் அவள் சண்டையிட்டிருப்பாள். இசைவு என்றால் அன்றே பெயர் கொடுத்திருப்பாள். யோசிக்கலாம் என்பது இரண்டுமல்ல. கதவைத் தாழிடாமலே மூடி வைக்கும் வித்தை. அவளுக்கு வயது இருபத்தாறு. சட்டப்படி என் சம்மதம் எவருக்கும் தேவையில்லை. ஆனால் தாயின் கண்ணீருக்கு எதிரே மாமாவின் சொல் ஒன்று துணை நின்றால் போதும் என்று காத்திருந்தாள். நானும் யோசித்துக்கொண்டே இருந்தேன். பெயர் கொடுக்கும் கடைசி நாள் கடந்து போயிற்று. அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால் இன்று கூசுகிறது.

போட்டி நாளன்று, "பார்க்கவாவது வாருங்கள் மாமா" என்று அழைத்தாள். போனேன். திருமண மண்டபம் ஒன்று. மேடையிலே மணமக்கள் அமரும் இடத்தில் வண்ண விளக்குகள். வெளியிலே சத்து மாவு டப்பாக் கடைகள். நூற்றுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளைகள், கோவணத்தினும் சற்றே பெரிய ஆடையுடன், எண்ணெய் பளபளக்க நடமாடிக்கொண்டிருந்தனர். பாட்டிகள் பேரன்மாரைக் கண்டு பூரித்தனர். தகப்பன்மார் மகனின் முதுகுக்குச் சாயம் பூசிக்கொடுத்தனர். ஒருவர் கண்ணிலும் நாணம் இல்லை; இருக்க வேண்டியதுமில்லை. உழைத்து வளர்த்த உடல், காட்டினார்கள். நானும் கைதட்டினேன்.

பிறகு ஒலிபெருக்கி பேசிற்று. "பெண்கள் பிரிவில் மூன்று பேர் இருந்தால்தான் போட்டி. இரண்டு பேரே வந்திருப்பதால் போட்டி நீக்கப்படுகிறது. வந்திருக்கும் சகோதரிகளுக்குச் சிறப்புச் செய்வோம்."

இரண்டு பெண்கள் மேடைக்கு வந்தனர். ஒருத்திக்கு இருபது வயதிருக்கலாம். மற்றவள் நாற்பதை நெருங்கியவள்; முன்வரிசையில் அவளுடைய மகன் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்திருந்தான். இருவரும் கால்களை ஊன்றி, மூச்சை இழுத்து, முதல் நிலைக்குக் கையை உயர்த்தினர். அதற்குள் தலைமை தாங்கிய பெரியவர் விரைந்து வந்தார், கையிலே பொன்னாடையோடு. உயர்த்திய கையை இறக்கச் செய்து, ஒருத்திக்குப் போர்த்தினார், மற்றவளுக்கும் போர்த்தினார். கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடிற்று. ஆளுக்கொரு கேடயம். புகைப்படம். கைதட்டல். முடிந்தது. "அடுத்து, அறுபது கிலோ பிரிவு ஆண்கள்!"

மூன்று பேர் இருந்தால்தான் போட்டி. இரண்டு பேரே வந்திருந்தனர். மூன்றாமவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நான் தடுத்தது ஒருத்தியை என்றுதான் எண்ணியிருந்தேன். எண்ணிக்கை எழுதியே வாழ்ந்த எனக்கு அன்றுதான் கணக்குப் புரிந்தது: ஒரு வீட்டின் 'யோசிக்கலாம்', பார்த்தறியாத இரண்டு வீடுகளின் உழைப்பையும் சேர்த்து விழுங்கிவிட்டது. 'பெண்களே வருவதில்லை, நாங்கள் என்ன செய்ய?' என்று அமைப்பாளர் கைவிரிக்கிறார். 'போட்டியே நடப்பதில்லை, போய் என்ன பயன்?' என்று வீட்டார் கேட்கின்றனர். இரண்டு பேரும் உண்மைதான் பேசுகின்றனர்! ஒருவர் உண்மைக்கு மற்றவர் உண்மை காரணமாகிறது.

வெளியே வந்ததும் அந்த மூத்த பெண்ணிடம் சென்றேன். பொன்னாடையை மடித்து மகன் கையில் கொடுத்துவிட்டு, சட்டையணிந்து நின்றிருந்தாள். நூற்பாலைத் தொழிலாளி. இரவு வேலை முடித்து, பேருந்தேறி, நேராக வந்தவள். என் மருமகளைக் காட்டி, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் மருமகளின் மேற்கையைத் தொட்டு, சந்தையில் மாட்டைப் பார்ப்பவர் போல அமுக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. அடுத்த தடவை வந்திரு கண்ணு" என்றாள். அவ்வளவுதான். பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

அன்றிரவு முதல் நான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

கல்கத்தாவிலே 1950-களில் ரேபா ரக்ஷித் என்றொரு பெண் இருந்தார். பிஷ்ணு சரண் கோஷிடம் உடற்பயிற்சி கற்றவர். சர்க்கஸ் கூடாரத்திலே படுத்து, மார்பின் மீது பலகை வைத்து, யானையை நடக்கவிட்டவர். மக்கள் சீட்டு வாங்கிப் பார்த்தனர். அதே கல்கத்தாவின் மனோதோஷ் ராய் 1951-லும், மனோகர் ஐச் 1952-லும் தத்தம் பிரிவில் 'மிஸ்டர் யுனிவர்ஸ்' பட்டம் பெற்றனர். ஆணுக்கு உலக மேடை. பெண்ணுக்குச் சர்க்கஸ் கூடாரம். வலிவுள்ள பெண்ணை விந்தை என்று காட்டலாம், வீராங்கனை என்று மதிப்பிட முடியாது என்பது அன்றைய ஏற்பாடு. ஹமீதா பானு என்ற மல்யுத்த வீராங்கனை, 1954-ல் பரோடாவிலே பாபா பயில்வான் என்பவரை இரண்டு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். "என்னை வென்றவனை மணப்பேன்" என்று அறைகூவியவர். அவர் ஐரோப்பா செல்ல முனைந்தபோது, பயிற்சியளித்தவரே அடித்துக் கையை முறித்தார் என்று அவருடைய பேரன் பிற்காலத்தில் செய்தியாளரிடம் கூறியிருக்கிறார். யானையைத் தாங்கலாம், பயில்வானைச் சாய்க்கலாம். வீட்டு ஆணின் விருப்பத்தைத் தாண்டுவதுதான் பளு.

மேல்நாட்டிலே இந்தக் குறை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். நான் எண்ணியிருந்தேன், ஏமாந்தேன். அங்கும் பெண்களுக்கென்று உடற்கட்டுப் போட்டி 1970-களின் கடைசியில்தான் தோன்றிற்று. 1979-ல் லிசா லயன் என்பவர் உலகப் பட்டம் பெற்றார். 1980-ல் 'மிஸ் ஒலிம்பியா' தொடங்கி, முதற்பட்டம் ரேச்சல் மெக்லிஷுக்குக் கிடைத்தது. அதற்குப்பின் வந்ததுதான் வேடிக்கை. ஆஸ்திரேலியாவின் பெவ் ஃபிரான்சிஸ், பளுதூக்கிப் பழகியவர், அதுவரை எந்தப் பெண்ணிடமும் காணாத தசையோடு 1983-ல் லாஸ் வேகாஸ் மேடையேறினார். நடுவர்கள் திகைத்தனர். தசைக்கான போட்டியில் தசை மிகுந்தவருக்கு எட்டாம் இடம்! பெண்மை குறைகிறதாம். 2004-ன் இறுதியில் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒரு சுற்றறிக்கை விடுத்தது: பெண் போட்டியாளர்கள் தசையை நூற்றுக்கு இருபது பங்கு குறைத்துக்கொண்டு வர வேண்டும் என்று. ஓட்டப் பந்தயத்திலே, 'பெண்ணே, சற்று மெதுவாக ஓடு' என்று நடுவர் சொன்னால் நாடு சிரிக்காதா? இங்கே சட்டமாகவே எழுதினார்கள்.

இடையே, தசை குறைந்த உருவத்துக்கென்று 'ஃபிகர்' 2003-லும், 'பிகினி' 2010-லும் அதே ஒலிம்பியாவில் சேர்ந்தன. பரிசும் விளம்பரமும் அங்கே சென்றன. பெண்களும் அங்கே சென்றனர். ஐரிஸ் கைல் பத்து முறை வென்ற மிஸ் ஒலிம்பியாவே 2014-க்குப்பின் நிறுத்தப்பட்டது. 2020-ல்தான் மீண்டும் தொடங்கிற்று. 'பெண்கள் ஆர்வம் காட்டுவதில்லை' என்று அங்கும் சொன்னார்கள். ஆர்வம் காட்டியவளை எட்டாம் இடத்தில் நிறுத்தியவர்கள் சொன்னார்கள்!

நம் நாட்டுக்கு வருவோம். உடை ஒன்றே தடை என்று நான் எண்ணியிருந்தது தவறு. என் மருமகள் கணக்குக்காரி. தாளில் எழுதியே காட்டினாள். நாளொன்றுக்கு முட்டை எத்தனை, கோழிக்கறி எவ்வளவு, பருப்பு எவ்வளவு. அவள் சம்பளத்தில் பாதிக்கு மேல் தட்டிலேயே முடிகிறது. தங்கை வீட்டிலே முன்பெல்லாம் முட்டை வாங்கினால் எனக்கும் என் மகனுக்கும்தான். பெண்கள் 'எங்களுக்குப் பிடிக்காது' என்று சொல்லிவிடுவார்கள். பிடிக்காது என்பதை நாங்களும் நம்பினோம்! 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குக் குறையாமல் இரத்தசோகை என்கிறது. பாதிப் பெண்களுக்கு இரத்தமே போதவில்லை. தசைப் போட்டிக்கு ஆள் வரவில்லை என்று வியக்கிறோம்.

வேலையும் ஒரு காரணம். பளுதூக்கினால் இரயில்வேயில் இடம் கிடைக்கலாம், காவல்துறையில் கிடைக்கலாம் என்ற நம்பிக்கை உண்டு. 1896 முதல் ஒலிம்பிக்கில் ஆண்கள் தூக்கிய பளுவைப் பெண்கள் தூக்க 2000 வரை காக்க வேண்டியிருந்தது; கதவு திறந்த அதே ஆண்டு கர்ணம் மல்லேசுவரி சிட்னியில் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். உடற்கட்டுக்கு ஒலிம்பிக் இல்லை. ஆதரிப்பார் குறைவு. ஆகவே இந்தியாவில் இந்த மேடையேறிப் பெயர் பெற்ற பெண்களை விரல்விட்டு எண்ணலாம்: மணிப்பூரின் சரிதா தேவி, மமதா தேவி, மும்பையின் சுவேதா ராத்தோர், இன்னும் சிலர். நம் தமிழ்நாட்டிலே, கணவனை இழந்த, இரு பிள்ளைகளுக்குத் தாயான, தோல் தொழிற்சாலைக் கூலித் தொழிலாளி ஒருவர், 2022-ல் தென்னிந்தியப் போட்டியில் தங்கம் வென்றார் என்று செய்தி வந்தது. நான் அதைப் பத்திரிகையில் படித்தேன். படித்து, 'பலே!' என்று சொன்னேன். சொன்ன நாக்குத்தான் பின்னர் 'யோசிக்கலாம்' என்றது. அயலார் வீட்டுப் பெண் புரட்சி செய்வது எப்போதும் இனிக்கும்!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊசி மருந்து என்ற கேடு இந்தத் துறையில் உண்டு. ஆணின் உட்சுரப்பை ஊசியாகச் செலுத்திக்கொள்ளும் பெண்ணுக்குக் குரல் தடித்துவிட்டால் பிறகு பழையபடி ஆவதில்லை. போட்டிக்கு முன் கொழுப்பை அளவுக்கு மீறிக் கரைத்தால் மாதவிலக்கே நின்றுபோவதும் உண்டு. இதையெல்லாம் என் மருமகளிடம் கேட்டேன். "ஊசியைத் தொடமாட்டேன் மாமா. அதனால் முதற்பரிசு வராது என்றால் வர வேண்டாம்" என்றாள். ஊசி போட்டு மாரடைப்பில் சாயும் ஆண் பிள்ளைகளின் செய்தியும் வருகிறது. அதற்காக ஆணழகன் போட்டியை எந்த ஊரிலாவது எந்தத் தாய்மாமனாவது தடுத்ததுண்டா?

தங்கைதான் கடைசிக் கோட்டை. "கோயில் உள்ள ஊர் அண்ணா. நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்றாள். கோயில் என்றதும் எனக்கு வாய் திறந்துகொண்டது. சேர்வராயன் உச்சியிலே குகைக்கோயில் இருக்கிறது. மே மாதத் திருவிழாவுக்கு மலை முழுதும் திரள்கிறது. சமவெளிக் கோயில் தூண்களிலே கல்லாய் நிற்கும் பெண்களுக்கு என்ன உடை இருக்கிறது என்று போய்ப் பார்த்தாயா? சிங்கத்தின் மீதேறி எருமைத் தலையனைக் குத்தும் சிலைக்குச் சூடம் காட்டுகிறாய். இரும்பைத் தூக்கும் மகளுக்குப் பெருமூச்சு விடுகிறாய்! என்றெல்லாம் பொழிந்தேன். மேடைப் பேச்சு. தங்கை அசையவில்லை. மேடைப் பேச்சு வீட்டில் வேலை செய்யாது என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

வேலை செய்தது வேறு. காப்பிப் பழப் பறிப்பு நடந்துகொண்டிருந்த நாள். நாகலூர்ப் பக்கத்து மலையாளிப் பெண்கள் நால்வர் - இந்த மலையின் ஆதிக்குடிகள், கேரளத்தாரல்லர் - வேலை முடிந்து எங்கள் வாசலில் தண்ணீர் கேட்டு நின்றனர். எல்லாரும் என் தராசுக்கு மூட்டை கொணர்ந்தவர்கள்தாம். முற்றத்திலே என் மருமகள் மணல் நிரப்பிய காப்பிச் சாக்கைத் தோளில் வைத்து உட்கார்ந்தெழுந்து கொண்டிருந்தாள்.

"எதுக்குப் பாப்பா சும்மா தூக்கறே?" என்றாள் மூத்தவள்.

"போட்டிக்கு ஆயா. உடம்பு உரமாக இருந்தால் பரிசு தருவார்கள்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "இதுக்குப் பரிசு வேற தர்றாங்களா?" என்று மூத்தவள் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "கணக்குப்பிள்ளை ஐயா, இத்தனை வருசம் எங்ககிட்ட சொல்லவே இல்லையே!" என்றாள். வாசல் முழுதும் சிரிப்பு. அவளே முன்வந்து, சாக்கைத் தூக்கித் தலைக்கு ஏற்றிக் காட்டினாள். அறுபதைத் தாண்டியவள். முந்தானையை இடுப்பில் செருகியபோது அவள் மேற்கையில் எழுந்த தசையைத் தங்கை பார்த்தாள். என் மருமகளின் கையையும் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோல இருந்தன. 'எவன் பெண் கேட்பான்' என்ற பேச்சு அந்த முதியவளிடம் செல்லாது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள்.

மணிப்பூர் மலையில் விறகுச் சுமை தூக்கி வளர்ந்த மீராபாய் சானு, 2021-ல் டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றதை அன்று மாலை தங்கையிடம் சொன்னேன். மேடைக் குரலில் அல்ல. காப்பி குடித்துக்கொண்டே. கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தப் பெண்ணுக்கு விறகு தூக்கத் தெரியும் என்பதை யாரோ கவனித்திருக்கிறார்கள்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் சந்தையிலிருந்து இரண்டு தட்டு முட்டை வாங்கி வந்தாள்.

1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று சுற்றுலாக் கையேடு சொல்லும். ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி மாலை நேரங்களில் அமர்ந்து சேலத்தைப் பார்த்ததால் 'லேடீஸ் சீட்' என்ற பெயர் வந்தது என்றும் சொல்லுவர். உட்கார்ந்த பெண்ணின் பெயரால் ஒரு முனை இருக்கிறது. இருநூறு ஆண்டுகளாக அந்தக் காப்பியைச் சுமந்தவளின் பெயரால் ஒரு திருப்பம்கூட இல்லை. இருபது வளைவுகள் இருக்கின்றன, எண் மட்டும் போட்டு.

வருகிற பங்குனியில் மீண்டும் ஒரு போட்டி. படிவம் வந்த அன்றே நிரப்பி அனுப்பினாள். என்னிடம் அவள் கேட்கவுமில்லை, நான் யோசிக்கவுமில்லை. நுழைவுக் கட்டணத்தைத் தங்கை கொடுத்தாள். நூற்பாலைத் தோழியும் பெயர் கொடுத்திருக்கிறாளாம். வாரம் இருமுறை தொலைபேசியில் இருவரும் முட்டைக் கணக்குப் பேசிக்கொள்கின்றனர். அந்த இருபது வயதுப் பெண்ணுக்கு ஒரு நல்ல மணவாளன் வாய்த்து, அவனே பயிற்சியும் தருகிறானாம்.

"அப்படியானால் மூன்று பேர் ஆயிற்று" என்றேன்.

"ஆயிற்று மாமா. ஆனால் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தாலும் போட்டி போய்விடும். நான்காவதாக ஒருத்தி எங்கள் கூடத்திலேயே இருக்கிறாள். ஆத்தூர்ப் பெண். நன்றாகப் பயிற்சி செய்திருக்கிறாள். அவளுடைய அப்பாதான்..."

"மறுக்கிறாரா?"

"இல்லை. யோசிக்கிறாராம்."

அவருடைய தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.